"கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, சாப்பிடறேன்" என்கிறாள் மகள்: சம்மதிக்கலாமா?

வந்த கடிதம்

தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கும் ஒருவர் எழுதிய நீண்ட கடிதம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன். மகளின் எடை எவ்வளவு என்பதையும் எடுத்துவிட்டேன். இதே உணவுக் கோளாறு நோய் உள்ள பிள்ளைகள் இதைப் படிப்பார்கள். ஒரு எண்ணைக் கண்டால் தங்கள் எண்ணோடு ஒப்பிடாமல் அவர்களால் இருக்க முடியாது.

மகளுக்கு 20 வயது, கல்லூரியில் படிக்கிறாள். பள்ளி நாளிலிருந்தே 800, 1500 மீட்டர் ஓடுபவள். காலை ஐந்து மணிக்கு அப்பாவோடுதான் மைதானத்துக்குப் போவாள். கல்லூரியில் பயிற்சி கொடுத்தவர் "ரெண்டு கிலோ குறைஞ்சா டைமிங் இன்னும் நல்லா வரும்" என்று சொன்னதில்தான் எல்லாம் ஆரம்பித்தது என்று வீட்டில் நினைக்கிறார்கள். முதலில் இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமும் நின்றன. அப்புறம் இரவுச் சோறு. அப்புறம் செவ்வாய், வெள்ளி, சஷ்டி என்று விரதங்கள். ஓட்டம் மட்டும் கூடிக்கொண்டே போனது. மாதவிலக்கு எட்டு மாதம் வரவில்லை. மகப்பேறு மருத்துவர் கொடுத்த மாத்திரையில் திரும்ப வந்தது. ஒரு நாள் வகுப்பில் மயங்கி விழுந்த பிறகு மனநல மருத்துவரிடம் போயிருக்கிறார்கள். அவர் அனோரெக்சியா நெர்வோசா (எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் மனநோய்) என்று சொல்லி, சாப்பாட்டு அட்டவணை கொடுத்து, எல்லா உடற்பயிற்சியையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்.

மூன்று மாதமாகிறது. எடை கொஞ்சம் ஏறி அங்கேயே நிற்கிறது. போன வாரம் விடியற்காலையில், குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு நின்ற இடத்திலேயே அவள் ஓடிக்கொண்டிருந்ததை அம்மா கண்டுபிடித்தார். அழுதுவிட்டு அவள் சொன்னது: "அப்பா, தினமும் அரை மணி நேரம் கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, நீங்க சொல்றதையெல்லாம் சாப்பிடறேன்."

அப்பாவின் கேள்விகள் இவை. மன அழுத்தத்துக்கு டாக்டர்களே நடக்கச் சொல்கிறார்கள், இவளுக்கு மட்டும் ஏன் கூடாது? நாடித் துடிப்பு 46, ஓடுகிறவர்களுக்கு அப்படித்தானே இருக்கும்? ரத்தப் பரிசோதனையும் நார்மல், மாதவிலக்கும் வந்துவிட்டது, அப்படியானால் உடம்பு தேறிவிட்டதுதானே? உறவினர் ஒருவர் சொல்லிக்கொடுக்கும் யோகாவாவது, பௌர்ணமி கிரிவலமாவது போகலாமா? அவள் சொல்கிற பேரத்துக்குச் சம்மதிக்கலாமா? எதற்கும் ஒத்துவராவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்குமா? கடைசியாக, "இனி அவள் ஓடவே முடியாதா?"

என் பதில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் எழுதிய வரிசையில் போகவில்லை. நாடித் துடிப்பைப் பற்றிய கேள்வியை முதலில் எடுக்கிறேன். மற்றவற்றுக்கு நாள் இருக்கிறது, இதற்கு இல்லை.

பல வருடம் ஓடியவர்களுக்கு நாடி மெதுவாக இருக்கும் என்பது உண்மைதான். பயிற்சியில் பலப்பட்ட இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தைத் தள்ளுவதால், குறைவாகத் துடித்தாலே அதற்குப் போதும். பட்டினியில் நாடி இறங்குவதற்குக் காரணம் வேறு. வரவு குறைந்ததும் உடம்பு எல்லாச் செலவையும் சுருக்குகிறது. இதயத் தசையே மெலிந்துபோகிறது. மணிக்கட்டில் கை வைத்து எண்ணினால் இரண்டும் ஒரே 46தான். எழுந்து நடக்கச் சொன்னால் வித்தியாசம் தெரியும். பயிற்சி பெற்ற இதயம் நிதானமாக ஏறும். பட்டினி கிடந்த இதயம் நாலு அடி நடந்ததும் சட்டென்று எகிறும், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் விழும், கண் இருட்டும். உங்கள் மகள் ஏற்கெனவே ஒரு தடவை மயங்கி விழுந்திருக்கிறாள். அதனால் இந்த 46ஐ ஓட்டக்காரியின் நாடி என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

உணவுக் கோளாறு நோயாளிகளின் உடல் ஆபத்தை எடைபோடுவதற்காக பிரிட்டனின் மனநல மருத்துவர்கள் அமைப்பு 2022ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. விழித்திருக்கும்போது நாடி 40க்குக் கீழே என்றால் அதன்படி பெரிய ஆபத்து. 40க்கும் 50க்கும் நடுவில் என்றால் உன்னிப்பாகக் கவனிக்க வேண்டிய நிலை. ஆகவே இந்த வாரத்துக்குள் மருத்துவரிடம் போய் இசிஜி எடுங்கள். படுத்திருக்கும்போதும், எழுந்து நின்ற பிறகும் நாடியையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட், மெக்னீசியம் மூன்றும் பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். வழக்கமான 'மாஸ்டர் செக்கப்' பட்டியலில் பாஸ்பேட்டும் மெக்னீசியமும் பெரும்பாலும் இருக்காது. மறுபடி மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, கால் வீக்கம், உட்கார்ந்த இடத்திலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியாத அளவுக்கு பலவீனம், நாடி 40க்குக் கீழே: இவற்றில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

ரத்தப் பரிசோதனை நார்மலாக இருப்பது நல்ல செய்திதான். ஆனால் அதை வைத்து உடம்பு தேறிவிட்டது என்று சொல்ல முடியாது. எலும்பிலிருந்தும் தசையிலிருந்தும் எடுத்தாவது ரத்தத்தின் அளவுகளைச் சரியாக வைத்துக்கொள்ள உடம்பு கடைசி வரை பார்க்கும். மிகவும் மெலிந்த நோயாளிகளிடம்கூட அறிக்கை முழுக்க நார்மல் என்று வருவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

மாதவிலக்கு விஷயத்தில்தான் நிறையக் குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன. ஹார்மோன் மாத்திரை போட்டு, நிறுத்தியதும் வரும் ரத்தப்போக்கு, மாத்திரையின் விளைவு. சினைப்பை தானாக வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று அதற்கு அர்த்தம் கிடையாது. எலும்பையும் அது காப்பாற்றிவிடாது. போதுமான சாப்பாடு வந்து, மாத்திரை இல்லாமல் மாதவிலக்கு வருகிறதா என்பதுதான் கணக்கு. நம் மைதானங்களில் ஒரு பேச்சு உண்டு: "ஓடுற பொண்ணுங்களுக்கு நிக்கிறது சகஜம்." சகஜம்தான், ஆனால் ஆரோக்கியம் இல்லை. சாப்பாடு குறைவது, மாதவிலக்கு நிற்பது, எலும்பு தேய்வது மூன்றும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வரும் என்று விளையாட்டு மருத்துவர்கள் 1990களிலிருந்தே சொல்லிவருகிறார்கள். 2014ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அதை இன்னும் விரித்து, உழைப்புக்கு ஏற்ற உணவு இல்லாத எந்த விளையாட்டு வீரருக்கும், ஆண்களுக்கும்கூட, இதயம், எலும்பு, நோய் எதிர்ப்புச் சக்தி, மனநிலை எல்லாம் பாதிக்கும் என்று அறிக்கை வெளியிட்டது. உங்கள் மகளுக்கு டெக்சா ஸ்கேன் எடுத்து எலும்பின் அடர்த்தியைப் பார்ப்பது அவசியம். இருபதுகளில் இன்னும் எலும்பு சேர வேண்டிய வயது அவளுக்கு.

மன அழுத்தத்துக்கு நல்லது, இவளுக்கு ஏன் கூடாது?

மன அழுத்தம் உள்ளவருக்கு நடையும் ஓட்டமும் நல்லது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை, என் நோயாளிகள் பலருக்கு நானே சொல்கிறேன். அவர்களுக்கு எழுந்து வெளியே போவதே பெரும்பாடு. உங்கள் மகளுக்கு நிற்பதுதான் பெரும்பாடு. அனோரெக்சியாவில் உடற்பயிற்சி பல சமயம் நோயின் ஒரு கையாகவே வேலை செய்கிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. இந்த நோய்க்குப் பெயர் வைத்த லண்டன் மருத்துவர் வில்லியம் கல், 1870களிலேயே, இவ்வளவு மெலிந்த பெண்ணால் எப்படி ஓயாமல் நடக்க முடிகிறது என்று ஆச்சரியப்பட்டு எழுதியிருக்கிறார். 1967ல் வெளியான ஒரு எலிச் சோதனை இன்றுவரை எங்கள் பாடத்தில் இருக்கிறது. தினமும் ஒரு மணி நேரம் மட்டும் எலிகளுக்குத் தீனி வைத்தார்கள். அவ்வளவோடு விட்ட எலிகள் அதற்குப் பழகிக்கொண்டன. கூண்டில் ஓடுவதற்குச் சக்கரமும் இருந்த எலிகள் நாளுக்கு நாள் அதிகமாக ஓடின, கிடைத்த அந்த ஒரு மணி நேரத்திலும் குறைவாகவே தின்றன, மெலிந்துகொண்டே போயின. நிறுத்தாமல் விட்டால் செத்தும்போயின. எலிக்கு யாரும் இரண்டு கிலோ குறைக்கச் சொல்லவில்லை. பட்டினியோடு ஓட்டம் சேரும்போது, அந்த ஓட்டமே மேலும் ஓடச் சொல்லித் தூண்டுகிறது. உடம்பில் கொழுப்பு குறையும்போது லெப்டின் என்ற ஹார்மோன் விழுகிறது. அதற்கும் இந்த அமைதியின்மைக்கும் தொடர்பு இருப்பதாகப் பிற்காலத்து ஆய்வுகள் காட்டுகின்றன.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், கடிதத்தில் "பிடிவாதம்", "ஏமாற்றுகிறாள்" என்ற சொற்கள் சில இடங்களில் வருகின்றன. குளியலறையில் அவள் ஓடியது உங்களை ஏமாற்றுவதற்கு இல்லை. உட்கார முடியாமல்தான் ஓடியிருக்கிறாள். ஓடாவிட்டால் குற்ற உணர்வு தின்றுவிடும். ஓடினால் அரை மணி நேரம் நிம்மதி, மறுநாள் அதே நிம்மதிக்கு இன்னும் கொஞ்சம் கூட ஓட வேண்டும். உடற்பயிற்சி மருந்தா நோயா என்று தெரிந்துகொள்ள, எவ்வளவு நேரம் செய்கிறாள் என்று நான் முதலில் கேட்பதில்லை. ஒரு நாள் செய்ய முடியாமல் போனால் என்ன ஆகிறது என்றுதான் கேட்பேன். மழை பெய்தால் உங்கள் பள்ளி மாணவர்கள் குதிப்பார்கள், இன்றைக்கு பிராக்டிஸ் இல்லை என்று. இவள் குழாயைத் திறந்துவிட்டு ஓடுகிறாள்.

அந்தப் பேரம்

சம்மதிக்க வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

"ஓடவிட்டால் சாப்பிடுகிறேன்" என்பதில் சாப்பாடு ஒரு கட்டணமாகிவிடுகிறது, ஓடுவதற்குக் கட்டும் கட்டணம். இன்றைக்கு அரை மணி நேரம், ஒரு வாரத்தில் நாற்பது நிமிடம். கால் வலி, மழை என்று ஓட முடியாத நாளில் சாப்பிடவும் உரிமையில்லை என்று அவள் மனது சொல்லும். தட்டில் இருப்பது ஓட்டத்தோடு சம்பந்தமே இல்லாமல் உள்ளே போக வேண்டும். அதுதான் இப்போதைய சிகிச்சை.

சாதாரணக் கணக்கும் ஒன்று இருக்கிறது. வாரத்துக்கு அரைக் கிலோ ஏறுவதற்காக நாள்தோறும் கூடுதலாகக் கொடுக்கும் உணவில் பாதிக்குக் கிட்டே ஒரு ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் போய்விடும். எடை ஏன் அங்கேயே நிற்கிறது என்பதற்கு விடை குளியலறையில் இருக்கலாம். (இந்தக் கணக்கு உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் மட்டும். வீட்டில் பேச வேண்டாம். அவள் உங்களைவிட நன்றாக இந்தக் கணக்கைப் போடுவாள்.)

மறுக்கும்போது நீளமாக விளக்க வேண்டாம், வாதத்தில் அவள்தான் ஜெயிப்பாள். "இன்னைக்கு இல்லம்மா. டாக்டர் சரின்னு சொல்ற அன்னைக்கு நானே கூட வர்றேன். இப்போ சாப்பிடலாம் வா" என்று சொன்னால் போதும். அவள் கத்தலாம், அழலாம். பக்கத்தில் இருங்கள். சாப்பிட்டு முடித்த அடுத்த ஒரு மணி நேரம்தான் அவளுக்குப் பெரிய பாடு. அந்த நேரத்தில் அவளைத் தனியாக விடாமல், டிவியோ சீட்டாட்டமோ பாட்டியோடு பூக்கட்டுவதோ, உட்கார்ந்து செய்கிற ஏதாவது ஒன்றில் யாராவது கூட இருக்க வேண்டும். விடியற்காலையில் அம்மாவோ பாட்டியோ அவள் அறையில் படுத்துக்கொள்வது நல்லது, காவல் போடுவது போல இல்லாமல் துணைக்கு என்று சொல்லி. நின்றுகொண்டே படிப்பது, போன் பேசிக்கொண்டு மொட்டைமாடியில் நடப்பது, ஒவ்வொரு துணியாக மாடிக்கு எடுத்துப்போய்க் காயப்போடுவது எல்லாம் இதில் சேர்த்திதான். கண்டுபிடித்து அதட்டுவதால் பயனில்லை. "கால் நிக்க மாட்டேங்குதா? வா, இங்க வந்து உக்காரு" என்று அழைத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். காலை ஐந்து மணிக்கு நீங்கள் இப்போதும் ஓடப் போகிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றுமில்லை. போகிறீர்கள் என்றால், ஷூவை மாட்டிக்கொண்டு நீங்கள் கிளம்பும் சத்தத்தில் அவள் தினமும் விழிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். கொஞ்ச காலத்துக்குப் பள்ளி முடிந்ததும் அங்கேயே ஓடிவிட்டு வாருங்கள். "ஒரு நாள் ஓடலேன்னா உடம்பு என்னமோ மாதிரி இருக்கு" என்று நாமெல்லாம் பெருமையாகச் சொல்வோமே, அந்தப் பேச்சையும் வீட்டில் நிறுத்திவையுங்கள்.

எப்போது, எந்தப் பயிற்சி?

உங்கள் மருத்துவர் நிறுத்தச் சொன்னது சரி. எது வரை, அதற்கப்புறம் என்ன என்று அவர் சொல்லவில்லை என்றால், அதைக் கேட்டு வாங்குவது உங்கள் வேலை. முடிவு தெரியாத தடை குளியலறைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். தொடைத் தசை கிழிந்த மாணவனை நீங்கள் ஓடவிட மாட்டீர்கள், அதே சமயம் வருடம் முழுக்கக் கட்டிலிலும் படுக்கவைக்க மாட்டீர்கள். எந்த வாரம் என்ன என்று ஒரு வரிசை வைத்திருப்பீர்கள். இங்கேயும் அப்படித்தான்.

சிகிச்சையில் உடற்பயிற்சிக்கு இடம் உண்டா என்று பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். பெரும்பாலும் சிறிய ஆய்வுகள்தான். மாட்ரிட்டில் அனோரெக்சியா உள்ள பதின்வயதினருக்கு மேற்பார்வையோடு தசைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது பலம் கூடியது, எடை குறையவில்லை. 2010ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு யோகாவும் கற்றுக்கொண்ட பதின்வயதினருக்கு நோயின் அறிகுறிகள் குறைந்தன. யோகா முடிந்த உடனே சாப்பாட்டைப் பற்றிய ஓயாத நினைப்பும் தணிந்தது. இதற்கு மறுபக்கமும் சொல்ல வேண்டும். பிரிட்டனின் அரசு வழிகாட்டுதல் 2017ல், உணவுக் கோளாறுகளுக்கு யோகாவையோ எடைப் பயிற்சியையோ ஒரு சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. ஆதாரம் போதாது என்பது அவர்கள் கணக்கு. எனக்கு இதில் பெரிய முரண்பாடு தெரியவில்லை. உடற்பயிற்சி தனியாக நின்று அனோரெக்சியாவைக் குணப்படுத்தாது. சாப்பாடும் மனநல சிகிச்சையும் ஓடிக்கொண்டிருக்கும்போது, சரியான நேரத்தில், இன்னொருவர் கண்முன்னால் செய்தால் கெடுதல் செய்யாது, சிலருக்கு நன்மையும் செய்யும். அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் சிகிச்சையில் இருந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

(அளவு மீறி உண்டுவிட்டு வாந்தி எடுப்பது போன்ற வழிகளில் ஈடுகட்டும் புலிமியா, வெறுமனே அளவு மீறி உண்ணும் கோளாறு ஆகியவற்றுக்கு நிலைமை கொஞ்சம் வேறு. நார்வேயில் அந்த நோயுள்ள பெண்களுக்கு உடற்பயிற்சியும் உணவு ஆலோசனையும் சேர்ந்த குழுச் சிகிச்சையைக் கொடுத்துப் பார்த்ததில் நல்ல பலன் கிடைத்தது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு யாரேனும் உங்களுக்கு அனுப்பினால், அது உங்கள் மகளின் நோயைப் பற்றியது இல்லை என்று நினைவில் வையுங்கள்.)

நான் சிகிச்சை கொடுப்பவளுக்கு வைத்துக்கொள்ளும் வரிசை ஏறக்குறைய இப்படி இருக்கும். நாடி, ரத்த அழுத்தம், இசிஜி, ரத்தத்தில் பொட்டாசியம் போன்ற உப்புகள் எல்லாம் நிலையாகும் வரை எதுவும் கிடையாது, மூச்சுப் பயிற்சியும் படுத்தபடி கை கால் நீட்டுவதும் மட்டும். எடை சில வாரம் தொடர்ந்து ஏறி, கொடுத்த சாப்பாட்டை முழுக்க முடிக்கிறாள் என்றால், அப்பாவோடோ அம்மாவோடோ பேசிக்கொண்டே ஒரு சின்ன நடை, மென்மையான யோகா. அதற்கு அடுத்துத் தசைக்கான பயிற்சி. மெலிந்த தசைக்கும் எலும்புக்கும் அதுதான் தேவை, ஓட்டத்தைப் போல நேரத்தையும் தூரத்தையும் எண்ணவைக்காது. அப்புறம் சேர்ந்து விளையாடுவது: த்ரோபால், ஷட்டில், எதுவானாலும் சிரிக்க முடிகிற ஒன்று. ஓட்டம் வரிசையில் கடைசி. ஸ்கேனில் எலும்பு தேய்ந்திருந்தால் குதிப்பதும் ஓடுவதும் இன்னும் தள்ளிப்போகும், எலும்பில் விரிசல் விழும் ஆபத்து இருக்கிறது. ஒவ்வொரு படியிலும் பயிற்சிக்கு முன்னும் பின்னும் கூடுதலாகச் சாப்பிட வேண்டும், கையில் ஸ்மார்ட் வாட்ச் கூடாது, வாரத்தில் ஓய்வு நாள் இருக்க வேண்டும். எடை இறங்கினாலோ ஒளிவுமறைவு தொடங்கினாலோ ஒரு படி கீழே. அது தண்டனை இல்லை என்பதை முன்கூட்டியே அவளிடம் சொல்லிவைக்க வேண்டும், எழுதிக் கையெழுத்துப் போட்டே வைத்துக்கொள்ளலாம்.

யோகா கேட்டிருந்தீர்கள். உறவினர் சொல்லிக்கொடுக்கிறார் என்பதால் இப்போதே தொடங்க வேண்டாம். வேகமாகத் திரும்பத் திரும்பச் செய்யும் சூரிய நமஸ்காரம் அவள் கையில் இன்னொரு ஓட்டமாகிவிடும். "நாற்பத்தெட்டு பண்ணினேன், நூற்றெட்டு பண்ணினேன்" என்று எண்ணத் தொடங்கினால் அது யோகா இல்லை. திருவண்ணாமலைக் கிரிவலம் 14 கிலோமீட்டர். அதுவும் அன்றைக்கு விரதம் இருந்து, வெறும் காலில், ராத்திரியில். பக்தி எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும் இதயத்துக்குத் தூரம் தூரம்தான். விரதத்துக்கும் இதே பதில். நோயாளிக்கு விரதத்தில் விலக்கு உண்டு என்று பாட்டியோ கோயில் குருக்களோ சொன்னால் டாக்டர் சொல்வதைவிட அவள் காதில் ஏறும். தரிசனத்துக்கு வண்டியில் கூட்டிப்போய்விட்டு, பிரசாதம் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

ஒத்துவராவிட்டால் சட்டம் என்ன சொல்கிறது?

அவளுக்கு 18 தாண்டிவிட்டது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017ன்படி, தன் சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்கும் திறன் அவளுக்கு இருக்கிறது என்றுதான் தொடங்க வேண்டும். பெற்றோர் என்பதற்காக மட்டும் நீங்கள் சம்மதம் கொடுத்துவிட முடியாது. அவள் சம்மதத்தோடு சேர்வதுதான் முதல் வழி, பெரும்பாலும் அதுவே நடக்கிறது. ஆனால் இந்த நோயில் ஒரு சிக்கல் உண்டு. படிப்பு, பணம், ஊர் விவகாரம் எல்லாவற்றிலும் தெளிவாகப் பேசும் பெண், தன் உடல்நிலை என்று வரும்போது மட்டும் ஆபத்தைக் காண முடியாதவளாக இருப்பாள். தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாமல் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்ற நிலை வந்தால், சட்டத்தின் 89ஆவது பிரிவு வழி காட்டுகிறது. அவளுடைய நியமனப் பிரதிநிதி (சிகிச்சை விஷயத்தில் அவள் சார்பில் நிற்பவர்) விண்ணப்பித்து, ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ தனித்தனியாகப் பரிசோதித்து ஒப்புக்கொண்டால், 30 நாள் வரை சேர்த்துச் சிகிச்சை தரலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 94ஆவது பிரிவின்படி எந்தப் பதிவு பெற்ற மருத்துவரும், பிரதிநிதி கிடைத்தால் அவர் சம்மதத்தோடு, 72 மணி நேரம் வரை அவசரச் சிகிச்சை தொடங்கலாம். அந்தப் பிரதிநிதி யார் என்று அவளே எழுதிக்கொடுக்க முடியும். அமைதியாக இருக்கும் ஒரு நாளில் இதைப் பேசி முடியுங்கள். உங்களைவிட அத்தையையோ சித்தியையோ அவள் அதிகம் நம்பினால் அவர் பெயரே இருக்கட்டும்.

செலவைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி வருகிறது. மன நோய்க்கும் உடல் நோய்க்குச் சமமாகக் காப்பீடு தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 21ஆவது பிரிவு சொல்கிறது. உங்கள் பாலிசியைப் பாருங்கள், மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் பொது மருத்துவப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருப்பது இந்த நோய்க்கு ஒரு வசதி. நடு இரவில் வீட்டில் சமாளிக்க முடியாமல் போனால், அல்லது சாவைப் பற்றி அவள் ஏதாவது சொன்னால், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416ஐக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். அப்படி அவள் சொன்னால் விளையாட்டுப் பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். இந்த நோயில் தற்கொலை ஆபத்து உண்மையானது.

இனி ஓடவே முடியாதா?

முடியும் என்றுதான் நினைக்கிறேன். அனோரெக்சியாவிலிருந்து மீண்டு மறுபடி விளையாட்டுக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். எப்போது என்று நாள் குறிக்க மாட்டேன். மாதங்கள் ஆகும், ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். மாத்திரை இல்லாமல் மாதவிலக்கு சில மாதம் ஒழுங்காக வர வேண்டும், எடை தன் இடத்தில் நிற்க வேண்டும், ஒரு நாள் ஓடாமல் இருந்தால் அந்த நாள் சாதாரண நாளாகக் கழிய வேண்டும். மூன்றாவதுதான் கடைசியில் வரும். அப்படியும் போட்டிக்குத் திரும்புவதும் காலையில் சும்மா ஓடுவதும் வேறு வேறு முடிவுகள். எடையைப் பற்றிப் பேசும் பயிற்சியாளரிடம் அவள் திரும்பப் போகக் கூடாது என்பதில் மட்டும் நான் உறுதியாக இருப்பேன். அந்த ஒரு பேச்சினால்தான் நோய் வந்தது என்று சொல்ல முடியாது. பிறவிச் சாய்வு, சுபாவம், வயது எல்லாம் சேர்ந்துதான் வருகிறது. அதனால் அவரையோ உங்களையோ குற்றவாளிக் கூண்டில் நிறுத்திப் பயனில்லை.

அடுத்த தடவை மருத்துவரைப் பார்க்கும்போது நான்கு விஷயங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: குளியலறையில் நடந்தது, அவள் கேட்ட பேரம், இசிஜியும் நின்று பார்த்த நாடியும், டெக்சா ஸ்கேன் எப்போது என்ற கேள்வி. முதல் இரண்டையும் அவளுக்குத் தெரியாமல் சொல்ல வேண்டாம். "நாளைக்கு டாக்டர்கிட்ட இதைச் சொல்லப் போறேன்" என்று முந்தைய நாளே அவளிடம் சொல்லிவிடுங்கள்.